பெட்ரோல் வரலைன்னா பம்ப்தான் போச்சுன்னு அர்த்தமில்ல: வீட்லயே பார்த்து கண்டுபிடிக்கிறது எப்படி

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. பானெட்டை தூக்கினதும் தெருவுல நிக்கிற நாலு பேர் வந்து சேந்துடுவாங்க, அதுல ஒருத்தர் கண்டிப்பா "பெட்ரோல் வரல தம்பி, பம்ப் போச்சு"ம்பார். ரங்கூன்ல ஆனாலும் பெகுவுல ஆனாலும் மோல்மேன்ல ஆனாலும் இந்தப் பேச்சு மாறவே மாறாது. அப்புறம் என்ன, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடி ஜப்பான் வண்டில கழட்டின பழைய பம்ப் ஒண்ணை வாங்கி, டேங்க்கை இறக்க கூலியும் குடுத்து, எல்லாம் மாட்டி முடிச்சு சாவியை திருப்பினா வண்டி அதே இடத்துல நிக்கும். இல்லன்னா அன்னைக்கு ஓடும், அடுத்த மழைக்கு மறுபடி நிக்கும்.

டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் நின்னுடுச்சு, அதோட இந்த வெட்டிச் செலவும் சேந்தா எப்படி தாங்குவாங்க? அதனாலதான் இதை பொறுமையா எழுதறேன். "பெட்ரோல் வரல"ன்னா டேங்க்ல இருந்து இன்ஜின் வரைக்கும் இருக்கிற நீளமான வழியில எங்கயோ ஒரு இடத்துல அறுந்திருக்கு, அவ்ளோதான் அர்த்தம். அந்த இடம் எதுன்னு தெரிஞ்சப்புறம்தான் பையில கை வைக்கணும். அதை தெரிஞ்சுக்கிற வேலையில பாதியை காதை வச்சும் ஒரு பழைய பல்பை வச்சுமே வீட்ல முடிச்சுடலாம்.

நான் இங்க பேசுறது ப்ராபாக்ஸ், ஹோண்டா ஃபிட், வேகன் ஆர், நிஸான் ஏடி வேன் மாதிரி நம்ம ரோட்ல எங்க பாத்தாலும் ஓடுற சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் பத்தி மட்டும். டீசல் வண்டி வேற கதை, புது மாதிரி டீசல்ல குழாய்க்குள்ள பிரஷர் 1000 பாருக்கும் மேல போகும், ஒரு சின்ன கசிவு கூட தோலைத் துளைச்சு உள்ள போயிடும், அதை வீட்ல தொடவே வேண்டாம். டொயோட்டாவுல இன்ஜின் மேல "டி-4"ன்னு எழுதியிருந்தா அதுவும் ஹை பிரஷர் வகைதான், அதையும் மெக்கானிக் கிட்ட விட்டுடுங்க.

வீட்டு தண்ணி மோட்டாரை நினைச்சுக்கங்க

கீழ தொட்டி, அதுல இருந்து தண்ணி ஏத்த ஒரு மோட்டார், நடுவுல ஒரு ஃபில்டர், மாடிக்கு போற பைப்பு, கடைசியில குழாய். ஒரு நாள் காலைல குழாயை திறக்கறீங்க, தண்ணி வரல. உடனே மோட்டாரை கழட்டி புதுசு வாங்க ஓடுவீங்களா? மாட்டீங்க. முதல்ல கரண்ட் இருக்கான்னு பாப்பீங்க, ரங்கூன்ல அதுதானே முதல் கேள்வி. அப்புறம் தொட்டில தண்ணி இருக்கா, மோட்டார் சத்தம் கேக்குதா, சத்தம் கேட்டும் தண்ணி வரலைன்னா ஃபில்டர் அடைச்சிருக்கா, பைப்பு எங்கயாவது ஒழுகுதா, இப்படி ஒவ்வொண்ணா போவீங்க.

இன்னொண்ணும் கவனிச்சிருப்பீங்க. குழாய்ல தண்ணி சுத்தமா வராம இருக்கறது ஒரு பிரச்சனை, நூலு மாதிரி மெலிசா வர்றது வேற பிரச்சனை. மெலிசா வந்தா ஒரு டம்ளர் ரொம்பும், ஆனா ஷவர்ல குளிக்க முடியாது. காரும் அப்படித்தான், பெட்ரோல் மெலிசா வந்தா ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதப்போ, ஓடும், மேட்டுல ஏறும்போது மூச்சு முட்டி நின்னுடும்.

காருக்குள்ள அந்த வழி எப்படி போகுது

இப்ப காருக்கு வருவோம். பெட்ரோல் டேங்க்குக்குள்ளயே, பெட்ரோல்ல முங்கிக்கிட்டு ஒரு சின்ன கரண்ட் மோட்டார் இருக்கு, அதுதான் ஃப்யூயல் பம்ப். அது ஏன் பெட்ரோலுக்குள்ள இருக்குன்னு பயப்படாதீங்க, அது சூடாகாம இருக்கறதே சுத்தி இருக்கிற பெட்ரோலாலதான், டேங்க்குக்குள்ள பெட்ரோல் ஆவி எரிய முடியாத அளவுக்கு அடர்த்தியா இருக்கறதால எரியவும் வழியில்ல. இதுல நம்ம ஊருக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. பங்க்ல க்யூ, தட்டுப்பாடு, விலை ஏத்தம்னு எப்பவும் கால் டேங்க்குக்கு கீழயே வண்டிய ஓட்டிக்கிட்டிருந்தா பம்ப் பாதி வெளிய நின்னு சூடாகி சீக்கிரம் சாகும். முடிஞ்சவரைக்கும் கால் டேங்க் கீழ போக விடாதீங்க, முடியலைன்னா அது உங்க தப்பு இல்ல, ஆனா விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

பம்ப் தள்ளுற பெட்ரோல் ஒரு ஃபில்டர் வழியா போகும், அழுக்கு துருவெல்லாம் அங்க நிக்கும். அடுத்து பிரஷர் ரெகுலேட்டர், அதாவது குழாய்க்குள்ள அழுத்தத்தை ஒரே அளவுல வச்சிருக்கிற வால்வு. மிச்ச பெட்ரோலை அது டேங்க்குக்கே திருப்பி விட்டுடும். பல வண்டில இந்த மூணும் ஒரே கூட்டா டேங்க்குக்குள்ளயே இருக்கும். அங்கிருந்து குழாய் முன்னாடி வந்து இன்ஜின் மேல இருக்கிற ஒரு பைப்புல சேரும், அதுக்குப் பேரு ரெயில். ரெயில்ல இருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர், அது கரண்ட் குடுத்தா திறந்து பெட்ரோலை பூந்தூறலா அடிக்கிற ஒரு சின்ன குழாய்.

இந்த அழுத்தம் எவ்ளோ இருக்கணும்? ப்ராபாக்ஸ்ல வர்ற டொயோட்டா 1.5 லிட்டர் 1என்இசட் இன்ஜினுக்கு 304ல இருந்து 343 கிலோபாஸ்கல், அதாவது 44ல இருந்து 50 பிஎஸ்ஐ. இந்த அளவுக்கு கீழ போனா இன்ஜெக்டர் திறந்திருக்கிற அந்த கொஞ்ச நேரத்துல போதுமான பெட்ரோல் இறங்காது. குழாய்ல பெட்ரோல் இருக்கறது மட்டும் போதாது, அழுத்தமும் இருக்கணும். ஹோஸை கழட்டி "பாரு, பெட்ரோல் கொட்டுதே, பம்ப் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றவங்க இதைத்தான் மறந்துடறாங்க.

இதுவரைக்கும் சுருக்கமா: டேங்க், பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர், ரெயில், இன்ஜெக்டர். இந்த வரிசையில எங்க நின்னாலும் வெளிய தெரியுறது ஒரே மாதிரிதான் இருக்கும்.

பம்பை ஓடச் சொல்றது யாரு

பெரும்பாலான பேர் தடுக்கி விழுறது இங்கதான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். பம்ப்புக்கு கரண்ட் நேரா பேட்டரில இருந்து போறதில்ல. நடுவுல ஒரு ஃபியூஸ் இருக்கு, கரண்ட் அளவுக்கு மேல போனா தானே உருகி அறுந்துக்கிற கம்பி. ஒரு ரிலே இருக்கு, சின்ன கரண்ட்டை வச்சு பெரிய கரண்ட்டை திறந்து மூடுற டப்பா சுவிட்ச். அந்த ரிலேவுக்கு உத்தரவு குடுக்கறது ஈசியு, அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்.

ஈசியு எப்ப உத்தரவு குடுக்கும்? சில வண்டில சாவி போட்டதும் ரெண்டு செகண்ட் ஓட விடுறதைத் தவிர, இன்ஜின் சுத்துதுன்னு அதுக்கு தெரிஞ்சா மட்டும்தான். காரணம் பாதுகாப்பு. எங்கயாவது மோதி இன்ஜின் நின்னு போச்சுன்னா பம்ப்பும் நிக்கணும், இல்லன்னா அறுந்த குழாய் வழியா பெட்ரோல் கொட்டிக்கிட்டே இருக்கும். இன்ஜின் சுத்துறதை ஈசியுவுக்கு சொல்றது கிராங்க் சென்சார்னு ஒரு சின்ன உணரி. அது செத்துட்டா செல்ஃப் சுத்தினாலும் ஈசியுவைப் பொறுத்தவரைக்கும் இன்ஜின் நிக்குது, அதனால ஸ்பார்க்கும் குடுக்காது, பெட்ரோலும் அடிக்காது. பம்ப் ரொம்ப நல்லாவே இருக்கும், ஆனா பழி மட்டும் பம்ப் மேல விழும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளை பாருங்க, சாதாரணமா லேசா தூக்குற முள்ளு இப்ப அசையவே இல்லன்னா கிராங்க் சென்சார் மேல சந்தேகம் வரணும் (சில வண்டில நல்லா இருக்கும்போதே முள்ளு அசையாது, அதனால உங்க வண்டி நல்லா ஓடுற காலத்துலயே ஒரு தடவை பாத்து வச்சுக்கங்க).

இமொபிலைசரும் இதே மாதிரிதான், சாவி சரியான சாவின்னு அடையாளம் தெரியாட்டி இன்ஜினை ஓட விடாத பூட்டு. டேஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட்டு சாவியைத் திருப்பினப்புறமும் மின்னிக்கிட்டே இருந்தா பானெட்டை தூக்க வேண்டிய அவசியமே இல்ல, வேற சாவி போட்டுப் பாருங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி பக்கத்துலயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற பொருள், நம்ம ஊர் வெயில்ல கேக்கணுமா. அந்த ஆவி காத்தை விட கனம், மேல போகாம தரையோட தரையா ஊர்ந்து போகும், பத்து அடி தள்ளி சாம்பிராணி ஏத்தி வச்சிருந்தாலும் அங்க போய் சேரும். அதனால வீட்டு வாசல்ல வேலை பாத்தீங்கன்னா அடுப்பு, சிகரெட், ஜெனரேட்டர், சாமி விளக்கு எதுவும் பக்கத்துல வேண்டாம். பவுடர் வகை தீயணைப்பான் ஒண்ணு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும், பெட்ரோல் தீயில தண்ணிய ஊத்தினா பெட்ரோல் தண்ணி மேல மிதந்து பரவத்தான் செய்யும். வாயை வச்சு டியூப்ல பெட்ரோல் உறிஞ்சற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க, ஒரு சொட்டு நுரையீரலுக்குள்ள போனாலும் ஆஸ்பத்திரிதான்.

நான் கீழ சொல்ற சோதனை எதுக்கும் பெட்ரோல் குழாயை கழட்ட வேண்டியதில்ல. வேணும்னே அப்படி வச்சிருக்கேன். குழாய்க்குள்ள அழுத்தம் வண்டி நின்னப்புறமும் ரொம்ப நேரம் இருக்கும், கழட்டினா முகத்துல பீய்ச்சும்.

முதல் கேள்வி: குறை பெட்ரோல்லதானா?

இன்ஜின் ஓட பெட்ரோல், ஸ்பார்க், காத்து மூணும் வேணும். செல்ஃப் சுத்தியும் பிடிக்கலைன்னா மூணுல எதுவா வேணா இருக்கலாம்.

முதல்ல பேட்டரி. வண்டி சும்மா நிக்கும்போது மல்டிமீட்டர்ல 12.4 வோல்ட்டுக்கு மேல இருக்கணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக் கூடாது. இறங்கினா பம்ப் மெதுவா சுத்தும், ஈசியு தடுமாறும், எல்லாமே பெட்ரோல் கோளாறு மாதிரியே தெரியும். அடுத்து டேங்க்ல நிஜமாவே பெட்ரோல் இருக்கா? முள்ளை நம்பாதீங்க, பழைய வண்டில மிதவை ஒட்டிக்கிட்டு அரை டேங்க்னே காமிச்சுக்கிட்டு இருக்கும். அஞ்சு லிட்டர் ஊத்திப் பாருங்க, வண்டி சரிவுல நின்னா சமதரைக்கு தள்ளிட்டு வாங்க.

அப்புறம் ஸ்ப்ரே சோதனை. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ கார்புரேட்டர் க்ளீனரோ எடுத்து, ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து இன்ஜின் பக்கம் போற வழியில ரெண்டு செகண்ட் மட்டும் அடிங்க, டப்பாவை மூடி க்ளிப் போட்டு, ஸ்ப்ரே டப்பாவோட நீங்க தள்ளி வந்தப்புறம்தான் உள்ள இருக்கிறவரு செல்ஃப் அடிக்கணும். டப்பா திறந்திருக்கும்போது செல்ஃப் அடிச்சா நெருப்பு திருப்பி வெளிய வரலாம், அதனால வரிசையை மாத்தாதீங்க. இன்ஜின் ஒரு உறுமு உறுமி ரெண்டு செகண்ட் ஓடி நின்னா ஸ்பார்க் இருக்கு, காத்து இருக்கு, பெட்ரோல்தான் குறை. ஒண்ணுமே நடக்கலைன்னா பெரும்பாலும் ஸ்பார்க் பக்கம், இல்ல முன்ன சொன்ன கிராங்க் சென்சார் பக்கம் போகணும், டேங்க்கை இறக்கற பேச்சே வரக்கூடாது.

ஸ்ப்ரே கிடைக்கலைன்னா, கொஞ்ச நேரம் செல்ஃப் அடிச்சுட்டு சாவியை எடுத்துடுங்க, ஒரு ஸ்பார்க் ப்ளக்கை கழட்டி முகர்ந்து பாருங்க. முனை நனைஞ்சு பெட்ரோல் வாசம் அடிச்சா பெட்ரோல் வருது. காஞ்சு கெடந்தா வரல.

ரெண்டாவது: பம்ப் சத்தம்

பின் சீட்டுல ஒருத்தரை உக்கார வச்சு, ரேடியோ, ஏசி எல்லாம் நிறுத்திட்டு சாவியை ஆன்ல வைங்க, செல்ஃப் அடிக்க வேண்டாம். ஹோண்டா, நிஸான், சுஸுகில பல வண்டிங்க ரெண்டு செகண்ட் போல "ம்ம்ம்"னு ஒரு சத்தம் குடுத்துட்டு நிக்கும், அதுதான் பம்ப் குழாயை நிரப்பிக்கிற சத்தம். பெட்ரோல் ஊத்துற மூடியைத் திறந்து காதை கிட்ட கொண்டு போனா இன்னும் தெளிவா கேக்கும்.

ஆனா டொயோட்டா வச்சிருக்கிறவங்க இதை நல்லா படிங்க. பல டொயோட்டாவுல சாவி ஆன்ல வச்சா பம்ப் ஓடவே ஓடாது, செல்ஃப் அடிக்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். அந்த வண்டில சாவி போட்டு சத்தம் கேக்கலைங்கிறது கோளாறே இல்ல, அது அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இது தெரியாம எத்தனை ப்ராபாக்ஸ்ல நல்ல பம்ப்பை கழட்டி எறிஞ்சிருப்பாங்களோ. டொயோட்டான்னா ஒருத்தர் செல்ஃப் அடிக்க இன்னொருத்தர் பின்னாடி கையை வச்சுப் பாருங்க, செல்ஃப் சத்தத்துல காதுக்கு கேக்காட்டியும் சீட்டுக்கு அடியில இருக்கிற டேங்க் மூடி மேல விரல் வச்சா துடிப்பு தெரியும்.

சத்தம் இருந்தா மோட்டார் சுத்துது, கரண்ட் வழி சரி, இனி அழுத்தத்தைத் தேடணும். சத்தம் இல்லன்னா அடுத்த பகுதி.

மூணாவது: கரண்ட் அங்க போய் சேருதா

ஃபியூஸ் பாக்ஸ் மூடியைப் பாருங்க. ஜப்பான்ல இருந்து வந்த வண்டிக்கு மேனுவல் எல்லாம் ஜப்பான் பாஷையிலதான் இருக்கும், போன் கேமராவுல மொழிபெயர்த்துக்கலாம். பெரும்பாலும் "இஎஃப்ஐ"ன்னோ "ஃப்யூயல் பம்ப்"னோ குறிச்ச ஃபியூஸ்தான் வேணும். அறுந்திருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க, உடனே திரும்ப அறுந்தா வயர் எங்கயோ பாடில உரசுது, இல்ல பம்ப் உள்ள இறுகி இருக்கு. பெரிய ஃபியூஸையோ வெள்ளித் தாளையோ வச்சு சமாளிக்கக் கூடாது, எரியறது டேங்க்குக்கு போற வயர்.

ரிலேவுக்கு சுலபமான வழி, பக்கத்துலயே ஹாரனுக்கோ ஃபேனுக்கோ அதே நம்பர் போட்ட ரிலே ஒண்ணு இருக்கும், ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க. வண்டி ஸ்டார்ட் ஆயிட்டு ஹாரன் அடிக்கலைன்னா வேலை முடிஞ்சது, செலவு ஒரு ரிலே. 1990கள்ல வந்த ஹோண்டாவுல மெயின் ரிலேக்குள்ள ஈயம் வச்சு ஒட்டின இடம் விரிசல் விட்டு, வெயில்ல நின்னா ஸ்டார்ட் ஆகாம சாயங்காலம் குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆகறது ரொம்ப பேருக்கு தெரிஞ்ச கோளாறு.

இதுக்கப்புறம் பம்ப் கனெக்டர். பல காருல பின் சீட்டை தூக்கினா ஒரு வட்ட மூடி இருக்கும், அதுக்கு கீழ வயர் ப்ளக். சில வண்டில டேங்க்கை இறக்கினாதான் தெரியும், அப்படின்னா இதை விட்டுடுங்க. கதவெல்லாம் திறந்து வச்சு, பெட்ரோல் வாசம் துளிகூட இல்லன்னா மட்டும் தொடுங்க. ப்ளக்கை கழட்டி, பம்ப்புக்கு போற ரெண்டு தடிச்ச வயருக்கு நடுவுல ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை நீள வயர்ல கோர்த்து, பல்பு காருக்கு வெளிய இருக்கிற மாதிரி வைங்க. எல்இடி டெஸ்டர் வேண்டாம். அந்த பல்பு நாலரை ஆம்பியர் கிட்ட இழுக்கும், பம்ப்பும் ஏறக்குறைய அவ்ளோதான் இழுக்கும், அதனால துரு பிடிச்ச கனெக்‌ஷனா இருந்தா பல்பு மங்கிக் காட்டிக் குடுத்துடும். எல்இடிக்கு துளி கரண்ட் போதும், துரு வழியாவும் பளிச்னு எரிஞ்சு உங்களை ஏமாத்திடும்.

ரங்கூன் பக்கத்துல இருக்கிற சிரியம்ல எங்க மாமா வண்டில இதேதான் நடந்துது. மழைக்காலத்துல தண்ணி தேங்கின ரோட்ல ஓட்டிட்டு வந்ததுல இருந்து திடீர் திடீர்னு நிக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்புல பம்ப் மாத்தினாங்க, கொஞ்ச நாள் ஓடுச்சு, மறுபடி அதே கதை. "பம்ப் டூப்ளிகேட் போல இருக்கு மாப்ள, வேற வாங்கணும்"னாரு. "மாமா, பம்ப்பை தொடாதீங்க, பல்பை மட்டும் பாத்துக்கிட்டு இருங்க"ன்னு சொல்லி செல்ஃப் அடிக்க விட்டேன். பல்பு மஞ்சளா மங்கி எரிஞ்சுது, வயரை விரலால லேசா ஆட்டினதும் பளிச்னு ஆகி திரும்ப மங்குச்சு. கனெக்டரை கவுத்துப் பாத்தா ஒரு பின்னு மேல பச்சை பச்சையா பாசி மாதிரி களிம்பு. முதல்ல பம்ப் மாத்தினப்போ கழட்டி மாட்டினதுல களிம்பு கொஞ்சம் சொரண்டுப்பட்டு ஓடியிருக்கு, அவ்ளோதான் அந்த புது பம்ப் செஞ்ச உபகாரம். பின்னை மாத்தி, க்ரீஸ் தடவி மூடினோம். கழட்டிப் போட்ட பழைய பம்ப்பை வெளிய வச்சு ஓட விட்டுப் பாக்கலாமான்னு மாமா கேட்டாரு, பெட்ரோல் ஈரம் உள்ள பம்ப்பை காத்துல ஓட விடவே கூடாதுன்னு தடுத்துட்டேன்.

மொத்தத்துல: செல்ஃப் அடிக்கும்போது பல்பு முழு வெளிச்சமா எரிஞ்சும் பம்ப் ஊமையா இருந்தா, இப்ப சொல்லலாம் பம்ப் போச்சுன்னு. பல்பு எரியலைன்னா ஃபியூஸ், ரிலே, வயர், ஈசியு உத்தரவு இந்த பக்கம்தான் கோளாறு. மங்கினா கனெக்‌ஷன் அரிப்பு.

ஸ்டார்ட் ஆகுது, ஆனா இழுக்கல

இது மெலிசா தண்ணி வர்ற குழாய் கதை. ஐடில்ல சாதாரணமா இருக்கும், டவுனுக்குள்ள ஓடும், மண்டலே ஹைவேயில ஏறி வேகம் பிடிச்சா தூக்கித் தூக்கி அடிக்கும், ஆக்சிலேட்டரை விட்டா திரும்ப சரியாகும். அடைஞ்ச ஃபில்டர், தேஞ்ச பம்ப், தளர்ந்த ரெகுலேட்டர் மூணும் இப்படித்தான் காட்டும், அதுல எதுன்னு பிரஷர் கேஜ் மாட்டினாதான் தெரியும். ஐடில்ல அளவு சரியா இருந்து, லோடுல விழுந்தா வழியில எங்கயோ அடைப்பு இல்லன்னா பம்ப்புக்கு தெம்பு இல்ல. கேஜ் மாட்ட குழாயை கழட்டணும்ங்கிறதால அதை ஒர்க்‌ஷாப்புல செய்யச் சொல்லுங்க, ஆனா நம்பரை நீங்க கேட்டு வாங்குங்க.

வீட்ல பாக்க முடிஞ்ச ஒண்ணு இருக்கு. அரை மணி நேரம் ஓடினப்புறம் வண்டி நின்னா உடனே பெட்ரோல் மூடியை திறங்க. "உஸ்ஸ்"னு பலமா காத்து உள்ள இழுத்து, அதுக்கப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆனா டேங்க்குக்கு காத்து வர்ற வழி அடைஞ்சிருக்கு. பெட்ரோல் வெளிய போகப் போக உள்ள காத்து வரணும், வரலைன்னா பம்ப்பால உறிஞ்ச முடியாது.

காலைல மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டி இருக்குன்னா ஒருவழி வால்வைப் பாக்கணும், பம்ப் நின்னப்புறம் குழாய்ல இருக்கிற பெட்ரோல் டேங்க்குக்கு திரும்பி ஓடாம பிடிச்சு வைக்கிறது அது. அது கசிஞ்சா ராத்திரில குழாய் காலியாகிடும். சாவி போட்டதும் பம்ப் ஓடுற வகை வண்டின்னா, செல்ஃப் அடிக்காம ஆன் ஆஃப், ஆன் ஆஃப்னு மூணு தடவை பண்ணிட்டு அடிச்சுப் பாருங்க, டக்குனு பிடிச்சா அழுத்தம் கசியுதுன்னு அர்த்தம்.

மழையும் பாட்டில் பெட்ரோலும்

மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் நம்ம ஊர்ல வர்ற "பெட்ரோல் கோளாறு"ல பாதி தண்ணிதான்னு எனக்கு தோணுது. தண்ணி பெட்ரோலை விட கனம், நேரா டேங்க் அடில போய் படியும், பம்ப் உறிஞ்சறதும் அடில இருந்துதான். ரோட்டோரம் பாட்டில்ல வாங்கி ஊத்தினதுக்கப்புறம், இல்ல வெள்ளத்துல போனதுக்கப்புறம் இன்ஜின் இருமி இருமி நின்னா முதல்ல இதை சந்தேகப்படுங்க. பாட்டில்ல வாங்கும்போது கண்ணாடி பாட்டிலா இருந்தா அசைக்காம கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க. அடில கோடு போட்ட மாதிரி தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சா அது தண்ணி, ஊத்தாதீங்க. ஏற்கனவே டேங்க்ல போயிட்டா டேங்க்கை காலி பண்ணி கழுவறதுதான் வழி, பம்ப் மாத்தினா புது பம்ப்பும் அதே தண்ணியைத்தான் குடிக்கும்.

92க்கு பதிலா 95 ஊத்தினா சரியாயிடும்னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்த நம்பர் ஆக்டேன், பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடி வெடிக்காம தாங்குற சக்தியோட அளவு. குழாய்ல அழுத்தம் இல்லாத வண்டிக்கு அது ஒண்ணும் செய்யாது.

ஈரத்துணி யாருக்கு உதவும்

ஏப்ரல் வெயில்ல வண்டி நின்னா பம்ப் மேல ஈரத்துணி சுத்துற வைத்தியம் பெரியவங்க கிட்ட இருந்து வந்தது, அது பொய்யில்ல. பழைய மாஸ்டா ஜீப் மாதிரி கார்புரேட்டர் வண்டில பம்ப் இன்ஜின் பக்கத்துலயே இருந்து, டேங்க்ல இருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சற குழாய்ல அழுத்தம் குறைவு, சூடும் சேந்தா பெட்ரோல் குழாய்க்குள்ளயே கொதிச்சு ஆவியாகிடும், ஆவியை அந்த பம்ப்பால தள்ள முடியாது. ஈரத்துணி குளிர வச்சதும் திரும்ப ஓடும். இன்ஜெக்‌ஷன் வண்டில பம்ப் டேங்க்ல இருந்து தள்ளுது, குழாய் முழுக்க அழுத்தத்துல இருக்கு, அழுத்தத்துல இருக்கிற பெட்ரோல் அவ்ளோ சுலபமா கொதிக்காது. அதனால ஃபிட்டோ ப்ராபாக்ஸோ சூட்டுல நின்னா துணியைத் தேடாம ரிலேவையும் கிராங்க் சென்சாரையும் பாருங்க, ரெண்டுக்கும் சூடு ஒத்துக்காது.

ஸ்கேனர் சொல்றதை எப்படி எடுத்துக்கறது

போன்ல இணைக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் இப்ப நிறைய பேர் கிட்ட இருக்கு. 2008க்கு முந்தின ஜப்பான் உள்நாட்டு வண்டிங்க பலது அதோட பேசாது, ஸ்கேனர் கெட்டுப் போச்சுன்னு நினைக்க வேண்டாம். பேசினா, பி0230 பம்ப்போட கரண்ட் வழியில கோளாறு, பி0087 ரெயில்ல அழுத்தம் குறைவு, இதெல்லாம் உதவும். ஆனா பி0171 வந்ததும் பம்ப் மாத்தறாங்களே, அது தப்பு. அந்த கோட் சொல்றது காத்து அதிகம் பெட்ரோல் கம்மிங்கிறது மட்டும்தான், எங்கயாவது ஹோஸ் வெடிச்சு காத்து திருட்டுத்தனமா உள்ள போனாலும் அதே கோட்தான் வரும்.

ரெண்டையும் பிரிக்க ஃப்யூயல் ட்ரிம் பாருங்க, அதாவது ஈசியு தானா பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக்கிட்டு இருக்குன்னு காட்டுற எண். ஐடில்ல எண் பெருசா இருந்து 2500 ஆர்பிஎம்ல குறைஞ்சா காத்து கசிவு. ஐடில்ல சாதாரணமா இருந்து வேகம் ஏற ஏற எண்ணும் ஏறிக்கிட்டே போனா பெட்ரோல் போதலை, ஃபில்டர், பம்ப் பக்கம் போங்க.

ஒர்க்‌ஷாப்புக்கு போகும்போது

"பம்ப் மாத்துங்க"ன்னு சொல்லிக்கிட்டு போகாதீங்க. "அண்ணே, ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு செகண்ட் ஓடுது, ஃபியூஸ் நல்லாருக்கு, ரிலே மாத்திப் பாத்தாச்சு, கனெக்டர்ல பல்பு முழுசா எரியுது, பம்ப் சத்தம் மட்டும் இல்ல"ன்னு சொல்லுங்க. நல்ல மெக்கானிக்குக்கு இதுல பாதி நாள் வேலை மிச்சம். பம்ப் மாத்தியே ஆகணும்னா டேங்க் வாயில இருக்கிற ரப்பர் சீலையும், ஃபில்டரையும் சேத்து மாத்தச் சொல்லுங்க, கழட்டின பழைய சாமான் எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கங்க. வேலை முடிஞ்சதும் இன்ஜினை ஓட விட்டு டேங்க் மூடி சுத்தியும் ரெயில் பக்கமும் வெள்ளைத் துணியால துடைச்சு முகர்ந்து பாத்துட்டு, வாசம் இல்லன்னா மட்டும் சீட்டை மூடுங்க.